இரண்டெழுத்து மரியாதை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள்தான் இல்லை. வேலை அப்படி. ஜப்பானிய மங்கா படக்கதைப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவரும் சின்னப் பதிப்பகம் அது. படத்தில் ஆட்கள் பேசுவதற்காக வரைந்திருக்கும் வெள்ளை பலூன்களுக்குள் தமிழ் எழுத்தை அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு.

கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். அந்த மொழியை மேலிருந்து கீழே எழுதுவார்கள். அதனால் பலூன்கள் ஒல்லியாக, நெட்டையாக நிற்கும். நம் தமிழோ படுத்தவாக்கில் நீளுகிற மொழி. 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போச்சு, குறுகலான மாடிப்படியில் கட்டிலை ஏற்றுகிற கதைதான். திருப்பிப் பார்க்க வேண்டும், சாய்த்துப் பார்க்க வேண்டும், கடைசியில் காலை அறுக்க வேண்டும். அவள் தயங்காமல் அறுப்பாள். எழுத்துக்கும் பலூன் கோட்டுக்கும் நடுவே ஒரு நகத்தின் அகலமாவது வெள்ளை இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

மொழிபெயர்க்கிறவளுக்கு அகராதி என்று பெயர். பாதி அவள் படிப்புக்காக, பாதி அவள் வாய்க்காக. கத்திரியைவிடப் பத்து வயது சின்னவள். ஆரம்பத்தில் கத்திரி ஒவ்வொரு வெட்டுக்கும் அவளிடம் போய் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளே அகராதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"அக்கா, ரெண்டு எழுத்து வரைக்கும் நீங்களே வெட்டிக்கங்க. அதுக்கு மேல போனா மட்டும் என்கிட்ட வாங்க. இல்லன்னா நான் எப்ப வேல பாக்கறது?"

நியாயமான பேச்சுதான். வினை அந்த இரண்டெழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று இருவருக்குமே அன்றைக்குத் தெரியாது.

அவர்கள் அப்போது போட்டுக்கொண்டிருந்த தொடர் 'பன்னிரண்டாவது கட்டில்'. மொத்தம் பதினொரு பாகம். பெற்றவர் இல்லாத பிள்ளைகளின் காப்பகம் ஒன்று. அதில் பன்னிரண்டு கட்டில். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, கட்டில் எண்தான் பெயர். வருடத்துக்கு ஒரு கட்டில் காலியாகும். தத்துக் கொடுத்தாயிற்று என்பார் காப்பாளர், நல்ல மனிதர் போலச் சிரித்துக்கொண்டே. கதையின் நாயகி பன்னிரண்டு. முதல் பாகத்தில் பத்து வயதுச் சிறுமி, தன் நிழலைக் கண்டாலே மிரளுகிறவள். இரண்டாம் பாகத்தில் அவள் அண்ணன் பதினொன்று காணாமல் போகிறான். அதன்பிறகு பாகத்துக்குப் பாகம் அவள் முகம் இறுகிக்கொண்டே போகிறது. அவள் நல்லவளாக வளர்கிறாளா, இன்னொரு காப்பாளராக வளர்கிறாளா என்று தெரியாமல் வாசகர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஆறு பாகம் வந்திருந்தது.

நகம் கடித்தவர்களில் கத்திரியின் மகளும் ஒருத்தி. ஒரே மகள், பதினாறு வயது. போன வருடம் முழுக்க அவள் அம்மாவிடம் பேசியதை ஒரு பலூனில் அடக்கிவிடலாம். 'ம்', 'இல்ல', 'தெரியல'. அவ்வளவுதான். பள்ளியில் ஏதாவது பிரச்சினையா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டால் அதற்கும் ஒரு 'ம்'. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கத்திரி ஒருநாள் முதல் பாகத்தைச் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்தவள் போல வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் மகள் தானாக வந்து இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான்காவது ஆளாகப் பன்னிரண்டும் உட்கார்ந்தாள். "அவ ஏன் யார்கிட்டயும் உதவி கேக்கல தெரியுமாம்மா? கேட்டா, கேட்டத எல்லாருக்கும் சொல்லிக் காட்டுவாங்க," என்பாள் மகள். "தனியா இருக்கறது அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு நெனைக்கறாங்க. பிடிக்கவே இல்ல. பழகிடுச்சு." கத்திரி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். எது பன்னிரண்டின் கதை, எது தன் பெண்ணின் கதை என்று அவள் பிரித்துக் கேட்கவில்லை. கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும் என்று பயம். ஒரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த பேச்சு அது. அதை இழப்பதைவிட வேறெதை வேண்டுமானாலும் இழக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் பெருமை தாளவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். காப்பாளர்தான் அண்ணன கொன்னாருன்னு பன்னிரண்டுக்கு எப்பவோ தெரியும்."

"எத வச்சு சொல்ற?"

"மூணு பாகம் வரைக்கும் அவர்கிட்ட வாங்க, நீங்க, சொல்லுங்கன்னுதான் பேசறா. நாலாம் பாகம், அறுபத்திரெண்டாம் பக்கத்துல முதல்முதலா 'சொல்லு, செய்யறேன்'ங்கறா. ஒருத்தரும் கவனிக்கல. அதுல இருந்து ஆறாம் பாகம் வரைக்கும் பதினாலு எடத்துல அவர்கிட்ட பேசறா. பதினோரு எடத்துல மரியாத இல்ல. மூணு எடத்துல மட்டும் இருக்கு. அந்த மூணு எடத்துலயும் சுத்தி வேற ஆளுங்க இருக்காங்க. ஊருக்கு முன்னாடி நடிக்கறாம்மா."

அந்த மூன்று இடமும் கத்திரிக்கு நன்றாக நினைவிருந்தது. கூட்டமாக ஆட்கள் நிற்கும் காட்சியை ஓவியர் பெரிதாக வரைவார். படம் பெரிதானால் பலூனும் பெரிதாகும். பலூன் பெரிதானால் 'ங்க' உள்ளே போகும். மற்ற பதினோரு இடத்தில் போகவில்லை. அதனால் வெட்டினாள். இவ்வளவுதான் சங்கதி. நடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழம இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு வாசகர் கூட்டம் இருக்கு," என்றாள் மகள். "மொழிபெயர்த்தவங்களும் வர்றாங்க. அவங்க முன்னாடியே இத படிக்கப்போறேன்."

கூட்டம் என்றாலே ஓடி ஒளிகிற பெண். நூறு பேர் முன்னால் நின்று இதைப் படிப்பாள். அகராதி எழுந்து, 'நான் அப்படி எழுதவே இல்லையே' என்பாள். அகராதிக்கு வாய் சும்மா இருக்காது. அதற்கப்புறம் இந்தப் பெண் ஆயுசுக்கும் ஒரு கூட்டத்தில் வாய் திறப்பாளா? கத்திரி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று நான்கு நாள் தள்ளினாள். அந்த நான்கு நாளும் மகள் மேசையில் நின்று கட்டுரையைப் படித்துக் காட்டினாள், அவள் தலையாட்டினாள். தப்பு எழுத்தை வெட்டியதில் இல்லை, இந்தத் தலையாட்டலில்தான் என்று பிற்பாடு அவளுக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அகராதியிடம் போய் விஷயத்தை உடைத்தாள். அகராதி தன் பிரதியைத் திறந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் 'நீங்க'தான்.

"ரெண்டு எழுத்துதானேன்னு வெட்டிட்டேன்," என்றாள் கத்திரி.

"தமிழ்ல மரியாதையே அந்த ரெண்டு எழுத்துதானேக்கா," என்றாள் அகராதி. அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. "போகட்டும், மறுபதிப்பு வருதில்ல, எல்லாத்தையும் திருப்பி வச்சிடுங்க. ஒங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. பன்னிரண்டுக்கு உண்மை தெரியறது ஒன்பதாம் பாகத்துலதான். அதுலயும் 'எனக்கு எப்பவோ தெரியும்'னு ஒரு வார்த்த விடுவா, சும்மா வீம்புக்கு."

கத்திரி தன் இடத்துக்குத் திரும்பினாள். உட்கார்ந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அதே பெண், அதே காப்பாளர், அதே 'நீங்க'. முதல் மூன்று பாகத்தில் கொண்ட எழுத்து நான்காம் பாகத்திலிருந்து ஏன் கொள்ளவில்லை?

எழுந்துபோய் அகராதியின் அலமாரியிலிருந்து ஜப்பானிய மூலப் புத்தகங்களை எடுத்து வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவற்றைத் திறந்ததே இல்லை. அவளுக்கு வரும் பக்கங்களில் பலூன்களைத் துடைத்துக் காலி செய்துதான் அனுப்புவார்கள். அகராதிக்கோ வசனங்கள் மட்டும் வரிசையாகத் தட்டச்சு செய்து வரும். ஒருத்தி பேச்சில்லாத பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி பலூனில்லாத பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் நாதியில்லை.

கத்திரி அடிக்கோலை எடுத்தாள். அந்த மொழியில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் இடைவெளி தெரியும். முதல் மூன்று பாகத்தில் பன்னிரண்டு காப்பாளரிடம் பேசும் பலூன்களில் எழுத்தைச் சுற்றி நகத்தின் அகலம் வெள்ளை, அவள் சட்டப்படியே. நான்காம் பாகம் அறுபத்திரண்டாம் பக்கத்தில் அது காணோம். எழுத்து கோட்டை உரசிக்கொண்டு நின்றது. சமையல்காரரிடம் பேசும்போது பழைய அகலம். மற்ற பிள்ளைகளிடம் பழைய அகலம். காப்பாளரிடம் தனியாகப் பேசினால் மட்டும் நெருக்கம். அவள் பதினோரு இடத்தையும் அளந்தாள். பதினொன்றும் அப்படியே. மதியச் சாப்பாடு மறந்துபோனது.

"இங்க கொஞ்சம் வாயேன்," என்று அகராதியைக் கூப்பிட்டாள்.

அகராதி குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இது கை தவறி வந்தது இல்லக்கா. வேணும்னே நெருக்கியிருக்காங்க."

"அப்ப என் பொண்ணு சொன்னது சரிதானே? அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"அங்கதான் இடிக்குது. மூலத்துல மரியாத கொறையல. கூடுது. அறுபத்திரெண்டுல இருந்து அவ பேசறது முன்னவிட ரொம்பப் பணிவு. பெரியவளா ஆயிட்டா, பழக்கம் வந்திருக்குன்னு நான் நெனச்சேன். கொன்னவன்னு தெரிஞ்சா யாராவது பணிவு காட்டுவாங்களா?"

பலூன் ஒன்று சொன்னது, பேச்சு ஒன்று சொன்னது.

அன்று சாயங்காலம் கத்திரி மகளிடம் சொன்னாள். நல்ல சேதியும் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் கெட்ட சேதியை முதலில் சொன்னாள். அந்த 'சொல்லு' என்னுடையது, இடம் பத்தவில்லை, வெட்டிவிட்டேன். ஆனால் மூலத்தில் பலூன் நெருக்கமாக இருக்கிறது, நீ சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அவள் தொடர்ந்தாள். மகள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

மகள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "சரிங்க," என்றாள். "நான் கூட்டத்துக்குப் போகல. நீங்க சாப்பிடுங்க."

இந்த வீட்டில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. பேசப் பழகின நாளிலிருந்து அப்படித்தான். பல வீட்டில் அப்படித்தான். அம்மாவுக்கு மரியாதை கொடுத்தால் அவள் பக்கத்து வீட்டுக்காரியாகிவிடுவாள். 'அம்மா நீ வா', 'அம்மா ஒனக்கு ஒண்ணுமே தெரியல' என்று வளர்ந்த வாயிலிருந்து ஒரு 'நீங்க' வந்து விழுந்ததும், கத்திரிக்குத் தன் வீட்டிலேயே யாரோ தனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னது போல இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. 'நீங்க படுங்க, பாத்திரத்த நான் கழுவிக்கறேன்.' 'நீங்க சொன்னா சரிதான்.' மகள் நேரத்துக்கு எழுந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எதிர் வீட்டு அம்மாள் படியில் வழிமறித்து, "ஒங்க பொண்ணு எவ்ளோ பணிவு, என் பொண்ணும் இருக்கே," என்று பெருமூச்சுவிட்டாள். பேருந்து ஓட்டிவிட்டு அலுத்துவரும் கணவர் மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

"என்ன, வீட்ல ஒரே மரியாதையா இருக்கு? யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

கத்திரிக்கு அழவேண்டும் போலிருந்தது. 'ம்' என்று மட்டும் பேசின பெண்ணே மேல் என்று தோன்றியது. அந்த 'ம்'மில் எரிச்சலாவது இருந்தது. இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கோபமா என்று கேட்டால் 'அதெல்லாம் இல்லீங்க' என்று பதில் வரும். பாத்திரத்தை நங்கென்று வைத்தால் சண்டையாவது போடலாம். அதுவும் இல்லை, ஓசையில்லாமல் வைத்தாள்.

ஏழாம் நாள் காலை கத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் குடையை எடுத்துக் கொடுத்தாள். "மழை வரும்போல இருக்கு. நீங்க எடுத்துக்கங்க." கத்திரி குடையைப் பார்க்கவில்லை, மகளின் வாயைப் பார்த்தாள். உதடு தேவைக்கு மேல் ஓர் இம்மி திறக்கவில்லை. தாடை இறுகியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் முழுசாக, ஒழுங்காக, இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

கத்திரி வாசலிலேயே நின்றுவிட்டாள். மரியாதை கூடுகிறது. பேச்சு நெருங்குகிறது. இரண்டும் ஒன்றையே சொல்லுகிறதே. காப்பாளர் கொலைகாரர் என்று தெரிந்த பெண் அவர் முகத்துக்கு நேரே 'சொல்லு' என்பாளா? சொன்னால் அடுத்த காலிக் கட்டில் அவளுடையது. அவள் முன்னைவிட அதிகமாக 'நீங்க' போடுவாள். ஒரு 'ங்க'வையும் விடமாட்டாள். விடாமல் சொல்லி, மற்றதையெல்லாம் அதற்குள் திணித்து மூடிவைப்பாள். மகள் சொன்னதில் தெரியும் என்பது சரி, மரியாதை போனது என்பது தப்பு. அகராதி சொன்னதில் மரியாதை சரி, தெரியாது என்பது தப்பு. பலூன் மட்டும்தான் முழுசும் சரி. அந்த நெருக்கத்தைத்தான் வெட்டி, காற்றோட்டமாக்கி, அழகு பண்ணியிருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகத்தில் போய் நான்காம் பாகத்தைத் திறந்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் 'சொல்லுங்க, செய்யறேன்' என்று முழுசாக வைத்தாள். எழுத்தைச் சிறிதாக்கவில்லை. வரியை உடைக்கவில்லை. 'சொ'வின் கொம்பு இடது கோட்டில் முட்டியது, 'ன்' வலது கோட்டில் முட்டியது. கை தானாக வெட்டப் போனது. அடக்கிக்கொண்டாள். பதினோரு இடத்தையும் அப்படியே செய்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

அகராதி வந்து எட்டிப் பார்த்தாள். கத்திரி காரணத்தைச் சொன்னாள். "ஒன்பதாம் பாகத்துல வீம்புன்னு நெனச்சேனேக்கா," என்றாள் அகராதி. "உண்மையத்தான் சொல்லியிருக்கா." போகும்போது திரும்பி, "ஆனா அச்சுப் பிழைன்னு திட்டுவாங்க," என்றாள்.

"திட்டட்டும்."

மறுநாள் சனிக்கிழமை. அதற்கு அடுத்த நாள் வாசகர் கூட்டம். மதியம் மகள் மேசையில் பள்ளிப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கத்திரி அறுபத்திரண்டாம் பக்கத்தின் நகலை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கூட்டத்துக்குப் போ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தது, அதையும் அப்போது கேட்கவில்லை. கேட்டால் 'பரவால்லீங்க' என்று பதில் வந்துவிடும்.

மகள் முதலில் பார்க்காதவள் போல இருந்தாள். பிறகு பார்த்தாள். பிறகு தாளைக் கையில் எடுத்தாள்.

"வெட்டலையா?"

"வெட்டல."

"எழுத்து கோட்ட இடிக்குது."

"மூலத்துலயும் அப்படித்தான் இருக்கு. வரைஞ்சவங்களே அப்படித்தான் வச்சிருக்காங்க. அவர்கிட்ட தனியா பேசும்போது மட்டும்."

மகள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். படத்தில் பன்னிரண்டு கைகட்டி நின்று, தலைகுனிந்து, காப்பாளரிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாத பணிவு. மகள் அந்த பலூனின் விளிம்பை விரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கும் நகம் நுழைய இடமில்லை.

"மூச்சு முட்டுமே இவளுக்கு," என்றாள்.

"ஆமா," என்றாள் கத்திரி. "எத்தன நாளா?"

மகள் தாளிலிருந்து நிமிரவில்லை.

"எட்டு நாளா."

கதைப்படி பன்னிரண்டுக்கு அது மூன்று வருடம். நாள் முழுக்கப் பிழை பார்த்தே பிழைக்கிற கத்திரி, அந்தக் கணக்கைத் திருத்தாமல் நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.